கறுப்புத் திரை

மாலை ஐந்தே முக்கால்.

அவள் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு வந்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு மாதம். கை இன்னும் ஓய்வு பெறவில்லை. வான் ஆய்வகத்தில் இந்த நேரத்துக்குத்தான் கூரையைத் திறப்பாள். உள்ளே தேங்கிய பகல் சூடு வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் தொலைநோக்கியில் நட்சத்திரம் நிற்காது, நடுங்கும்.

"வானத்தைத் திறக்கிறேன்னு கொசுவுக்குத் திறந்து விடுற," என்றார் கணவர்.

அவர் தபால் நிலையத்தில் இருந்தவர். அவர் வீடு திரும்பும்போது அவள் கிளம்புவாள். வாசலில் சாவி கை மாறும். "சாவி கொடுக்க ஆள் வேணும்னுதான் கட்டிக்கிட்டா," என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவள் பகலில் தூங்குவதற்காகக் கறுப்புத் துணி வாங்கி, தன் கையாலேயே திரை தைத்து மாட்டினார். அழைப்புமணியைக் கழற்றினார். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளோடு சைகையில் பேசினார்.

காலையில் ஆய்வக இயக்குநர் போனில் கூப்பிட்டிருந்தார். அவள் இத்தனை காலம் பார்த்துவந்த நட்சத்திரம் மறுபடி மங்குகிறதாம். இரண்டு வருஷம் வர முடியுமா? யாரையும் கேட்காமல் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். கணவரிடம் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.

மேசைமேல் கிடந்த அவருடைய மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்து, ஓரத்தை உதட்டில் வைத்துப் பார்த்தாள்.

"அதுல ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். எத்தனை வருஷமா சொல்றேன்."

அந்தக் காலத்தில் படம் கண்ணாடித் தகட்டில் விழும். மருந்து பூசிய பக்கம் எது என்று இருட்டறையில் உதடுதான் சொல்லும், ஒட்டினால் அதுதான். ஒருமுறை அவசரத்தில் திருப்பிப் பொருத்தி, ஒரு வால்மீனைக் கோட்டைவிட்டாள். மறுநாள் அவர் விடுப்பு எடுத்து, நாள் முழுக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"உள்ள வந்து பாரு," என்றார்.

படுக்கையறையில் வெயில் கட்டில்வரை வந்திருந்தது. சுவர் வெளிர்பச்சை என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. கறுப்புத் திரை துவைத்து, மடித்து, நாற்காலியில் இருந்தது.

"இனிமே இந்த வீட்ல பகல்னா பகல்தான். எப்படி?"

அவள் திரையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சோப்பு வாசம்.

"என்னங்க, இதைத் திரும்ப மாட்டித் தர்றீங்களா?"