எண்ணெய் முள்ளும் மூன்று பொட்டும்

செம்பனைத் தோட்டத்து நடுவில் பிக்கப் நின்றுபோனதும் கணேஸ்வரன் வண்டியைத்தான் திட்டினார். டீசல் தீர்ந்திருந்தது. ஒரே மாதத்தில் இது இரண்டாவது முறை.

மீட்டர் முள்ளெல்லாம் செத்து ஆறு வருடம் ஆகிறது. மனைவி தங்கமணி இருந்தவரை அதனால் ஒரு குறையும் வந்ததில்லை. கோலா சிலாங்கூர் டவுனுக்கு ஒருமுறை போய் வந்தால், டீசல் அளவு காட்டும் எண்ணெய் மீட்டரின் கண்ணாடிமேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவைப்பாள். ஐந்து சேர்ந்ததும், "அஞ்சாச்சுங்க, எண்ணெய் ஊத்துங்கலா" என்பாள். ஊற்றியதும் எல்லாவற்றையும் உரித்துவிடுவாள்.

"மீட்டர செஞ்சாத்தான் என்னங்க?" என்று அவள் கேட்கும்போதெல்லாம், "அதான் நீ இருக்கியே" என்று வாயை அடைத்துவிடுவார்.

அவள் இறந்து இரண்டு மாதம். கண்ணாடியில் மூன்று பொட்டுகள் அப்படியே இருந்தன. நான்காவதை ஒட்ட அவருக்கு மனம் வரவில்லை.

கேனில் டீசல் வாங்கி ஊற்றி வீடு சேர்ந்தவர், அன்றே டேஷ்போர்டைக் கழற்றினார். பியூஸ் நன்றாகத்தான் இருந்தது. எல்லா முள்ளும் ஒன்றாகச் செத்திருந்தால் எர்த் வயராகத்தான் இருக்கும் என்று தேடினார். அவள் கால் வைக்கும் பக்கத்தில் அது பச்சை பிடித்துக் கழன்று கிடந்தது. சுரண்டி, இறுக்கி, இன்ஜினைக் கிளப்பினார். மொத்தமே பத்து நிமிட வேலை.

செத்த முட்களுக்கு உயிர் வந்தது. எண்ணெய் முள் மெல்ல ஏறி, பொட்டுகளுக்குப் பின்னால் போய் மறைந்து நின்றது. தலையைச் சாய்த்துப் பார்த்தார், தெரியவில்லை. உரிப்பதற்காக நகத்தை ஓரத்தில் வைத்தவர், கையை எடுத்துக்கொண்டார்.

"இப்பவே போய் ஊத்திடுறேன்லா" என்று பக்கத்து சீட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.