கொடுவா சம்மதித்த வெள்ளிக்கிழமை

எங்கள் உணவகத்தில் வாடிக்கையாளர் மீனைத் தேர்ந்தெடுப்பதில்லை. மீன்தான் வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுக்கும். கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே தண்ணீரைப் பார்த்தபடி பதினான்கு கடலுணவு விடுதிகள் இருக்கின்றன. பதினான்கிலும் இதுதான் வழக்கம். சில இடங்களில் புகைப்படத்தைக் காட்டியே முடித்துவிடுகிறார்கள். எங்கள் 'உப்பங்கழி'யில் நேரில் பார்க்காமல் எந்த மீனும் தட்டுக்குப் போகாது. இந்த விஷயத்தில் நாங்கள் கொஞ்சம் பழைய ஆட்கள்.

என் பெயர் பிலோமினா. இருபத்திரண்டு வருடம் கல்யாணத் தரகு பார்த்துவிட்டு இங்கே வேலைக்கு வந்தேன். மேலாளர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். பிடிக்கவில்லை என்பதை எத்தனை விதமாகச் சொல்லத் தெரியும்? நாற்பது விதம் என்றேன். அன்றைக்கே வெள்ளைச் சேலையும் பெயர்ப்பட்டையும் கொடுத்துவிட்டார்கள்.

வேலை ஒன்றும் சிக்கலானதில்லை. வருகிறவர் குளித்து, நல்ல துணி உடுத்தி வர வேண்டும். அவர் கையில் பஜ்ஜியும் கேசரியும் வைத்த தட்டைக் கொடுத்துப் பார்வை அறைக்கு அழைத்துப் போவேன். அங்கே மாவிலைத் தோரணம் கட்டிய கண்ணாடித் தொட்டியில் மீன் இருக்கும். அதன் ஜாதகம் என்னிடம் இருக்கும். முட்டை பொரிந்த நேரம் யாருக்கும் தெரியாது என்பதால், வலையில் ஏறிய நேரத்தை வைத்துக் கணித்த ஜாதகம். மீன் கேட்க வேண்டியதைக் கேட்கும். பிடித்திருந்தால் சம்மதம் என்று சொல்லும். பிடிக்காவிட்டால் திரும்பிக்கொள்ளும். "வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறாங்களாம்" என்று நான் சொல்வேன். வந்தவருக்குப் புரிந்துவிடும். அவருடைய மேசைக்குத் தயிர்சாதம் போகும்.

மீன்களைக் குறை சொல்ல முடியாது. போகிற இடம் நல்ல இடமாக இருக்க வேண்டும் என்று பெண்ணைப் பெற்றவர்கள் எல்லோரும் நினைப்பதைத்தான் அவையும் நினைக்கின்றன.

நெடுஞ்செழியனும் அவருடைய மனைவி மங்கையர்க்கரசியும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாலை ஐந்தரைக்கு வருவார்கள். அவர் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி தலைமையாசிரியையாக இருந்தவர். கழியைப் பார்த்த மரத்தளத்தில், தண்ணீருக்கு மிக அருகில் இருக்கும் ஐந்தாம் எண் மேசைதான் அவர்களுடையது.

அந்த அம்மாவை மீன்களுக்குக் கண்டதும் பிடித்துவிடும். ஒரு வவ்வால் மீன், அவர் தட்டைக் கீழே வைப்பதற்குள் சம்மதம் சொல்லியிருக்கிறது. ஐயாவின் கதை வேறு. அவரைப் பார்த்த ஆறு மீன்களும் திரும்பிக்கொண்டன. முதலில் வந்த சங்கரா பத்து நொடிகூடப் பார்க்கவில்லை. இறால்கள் நாற்பது பேர் கூட்டுக் குடும்பம். முப்பத்தொன்பது பேர் சரி என்றார்கள், ஆகச் சின்னது மாட்டேன் என்றுவிட்டது. கூட்டுக் குடும்பத்தில் ஓட்டு எண்ண முடியாது. நண்டு வந்தபோதுதான் எனக்கே சங்கடமாகிவிட்டது. நண்டு யாரையும் வேண்டாம் என்று சொன்னதாக இந்தக் கடற்கரையில் பேச்சே கிடையாது. அன்று நண்டு பக்கவாட்டில் நடந்து தொட்டியின் மூலைக்குப் போய் நின்றுகொண்டது.

"என்னைப் பாக்கும்போதே இவரு மனசு வேற எங்கயோ இருக்குது" என்று என்னிடம் தனியாகச் சொன்னது.

அதை நான் அவரிடம் சொல்லவில்லை. ஜாதகத்தில் சின்ன இடைஞ்சல் என்றேன். எனக்குத் தெரிந்த நாற்பது விதத்தில் அது பதினோராவது.

எங்கள் பதினான்கு விடுதிகளுக்கும் பொதுவாக ஒரு விதி உண்டு. ஏழு மீன்கள் வேண்டாம் என்று சொன்னவர், அதற்குப் பிறகு தண்ணீர் தெரிகிற எந்த மேசையிலும் உட்காரக் கூடாது. மனைவியின் பக்கத்தில் விருந்தாளியாகக்கூட உட்கார முடியாது. கடல் அவரைப் பார்த்துச் சங்கடப்படுமாம். அந்த வெள்ளிக்கிழமை அவருக்கு ஏழாவது மீன்.

அன்று அவர் ஐந்து மணிக்கே வந்துவிட்டார். பட்டுக்கரை வேட்டி, கஞ்சி போட்ட சட்டை, புதிதாகச் சவரம் செய்த தாடையில் சின்ன வெட்டு. அம்மா அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்தபடியே நின்றார்.

"என்னங்க, படபடன்னு பேசாதீங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

"நான் எப்ப படபடன்னு பேசுனேன், அரசி?"

"இப்பக்கூட அப்படித்தான் பேசுறீங்க. மேடம், இன்னிக்கு யாரு வந்திருக்காங்க?"

"கொடுவா. பழவேற்காட்டுப் பக்கம். நல்ல குடும்பம்" என்றேன்.

"ஒருவேளை ஒத்துவரலைன்னா, அரசி மட்டும் வெள்ளிக்கிழமை வரட்டும். அந்த மேசைய மட்டும் மாத்திடாதீங்க" என்று ஐயா என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. "நீங்க இல்லாம நான் வரமாட்டேன். வீட்டுலயே ஏதாவது பொரிச்சுத் தின்னுட்டுப் போறேன்" என்றார்.

ஐயாவின் முகம் வாடிப்போனதை நான் பார்த்தேன். மீன் கிடைக்காமல் போவதற்காக வாடுகிற முகம் எனக்குத் தெரியும், தினமும் பார்க்கிறேன். இது அது இல்லை.

பார்வை அறைக்குள் கொடுவா நிதானமாக மிதந்துகொண்டிருந்தது. வயதுக்கேற்ற அமைதி, வெள்ளிச் செதில், பெரிய வாய். ஐயா தட்டை வைத்துவிட்டு ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தார். அம்மாவும் நானும் கதவோரம் நின்றோம். சமையலறை ஜன்னல் வழியாக எங்கள் மாஸ்டர் சுகுமாரன் எட்டிப் பார்த்தார். மசாலா அரைத்து வைத்துவிட்டால் அவருக்கு இருப்புக்கொள்ளாது.

கொடுவா பஜ்ஜியை முகர்ந்து பார்த்து, வாழைக்காயா என்று கேட்டது. ஆமாம் என்றேன்.

"பாடத் தெரியுமா?" என்று ஐயாவைக் கேட்டது.

"பாட்டு வராதுங்க. அளக்கத் தெரியும்."

"அப்ப என்னை அளந்து சொல்லுங்க, பாப்போம்."

ஐயா ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "ரெண்டடி மூணு அங்குலம்."

"கரெக்டு. படகுக்காரங்க மூணடின்னு ஊரெல்லாம் சொல்லிட்டாங்க. எனக்குக் கூச்சமாப் போச்சு."

பேச்சு நன்றாகவே போனது. நான் மனதுக்குள் ஜெபம் சொல்லிக்கொண்டேன். பிறகு கொடுவா, எல்லா மீன்களும் கடைசியில் கேட்கும் கேள்வியைக் கேட்டது.

"எங்களை உங்களுக்குப் பிடிக்குமா?"

இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நானே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ரொம்பப் பிடிக்கும், சின்ன வயதிலிருந்தே உயிர் என்று சொல்ல வேண்டும். கேட்ட மீன்களிடமெல்லாம் அப்படியே சொன்னார். இந்த முறை அவர் வாயைத் திறந்து, மூடி, வேட்டியின் கரையை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"பிடிக்காதுங்க" என்றார்.

சுகுமாரன் ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்தார்.

"சின்ன வயசுல இருந்தே ஒத்துக்காது. வாடை வந்தாலே குமட்டும். இத்தனை நாளும் பொய் சொல்லிட்டேன். மன்னிச்சுக்குங்க."

"பின்ன எதுக்கு வாராவாரம் வர்றீங்க?"

"இவ சாப்பிடுறதைப் பாக்க."

ஐயா, கேட்டதற்கு மட்டும் பதில் என்பதை மறந்துவிட்டார்.

"முள்கரண்டிய ஒரு ஓரமா வெச்சிட்டுக் கையிலதான் சாப்பிடுவா. நடு முள்ள முழுசா உருவி எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பாப்பா. அப்ப வாய்க்குள்ளயே ஏதோ முனகுவா, அது அவளுக்கே தெரியாது. வீட்டுல இவ உட்கார்ந்து சாப்பிட்டு நான் பாத்ததில்லைங்க. எனக்குப் போட்டுட்டு அடுப்பு மேடையில தட்டை வெச்சு, நின்னுக்கிட்டே ரெண்டு வாய். பள்ளிக்கூடம் இருந்த காலத்துல அவசரம், சரி. ரிட்டையர் ஆனப்புறமும் அப்படியே பழகிடுச்சு. நான் உட்காருன்னு சொன்னா, இதோ வர்றேன்பா. வரமாட்டா. இங்கதான் உட்காருறா. ஒரு மணி நேரம் உட்காருறா. நாலு பேர் அவளுக்குப் பரிமாறுறாங்க. அதை விட்டுடக் கூடாதுன்னு தோணுச்சு. அவ்வளவுதாங்க."

தரகு பார்த்தவர்களுக்கு லேசில் கண் கலங்காது. எனக்குக் கலங்கிவிட்டது. சேலைத் தலைப்பைத் தேடினேன். சீருடைச் சேலையில் அதையும் ஊக்குப் போட்டுக் குத்திவிடுகிறார்கள்.

கொடுவா தொட்டியை ஒரு சுற்று முழுதாகச் சுற்றி வந்தது. அது திரும்பியபோது நான் பயந்துவிட்டேன், ஆனால் சுற்றிக்கொண்டு முன்பக்கமே வந்து நின்றது.

"சம்மதம்" என்றது.

அம்மா முதலில் பேசினார். பேச்சு மீனிடம் இல்லை. "முப்பத்தோரு வருஷமா மீன் குழம்பு வெச்சா ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்களே?"

"நீ பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டு இருந்தியே."

அம்மா மூக்கை உறிஞ்சிவிட்டு, அவருடைய காலரை இன்னொரு தரம் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

பிரச்சினை சமையலறைப் பக்கமிருந்து வந்தது. "அக்கா, கல்லு காய்ஞ்சிடுச்சு. இப்ப நான் என்ன பண்றது? சம்மதம்னு சொல்லிட்டாங்க, அவரு சாப்பிட மாட்டேங்கிறாரு" என்றார் சுகுமாரன்.

மேலாளரை வரவழைத்து விதிப்புத்தகத்தைப் பார்த்தோம். தேர்ந்தெடுக்கப்பட்டவர் மீனை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று இருந்ததே தவிர, சாப்பிட வேண்டும் என்று எங்கேயும் இல்லை. இத்தனை வருடமாக நாங்களாகவே அப்படி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

"போற இடம் நல்ல இடமா இருக்கணும்னுதான் வந்தேன்" என்றது கொடுவா. "இது நல்ல இடம். வயித்துக்குள்ளதான் போகணும்னு இல்ல, தரகரம்மா. பக்கத்துல உட்கார்ந்தாலும் போன மாதிரிதான்."

தட்டு மாற்றிக்கொண்டோம். ஐந்தாம் எண் மேசைக்கு மூன்றாவதாக ஒரு நாற்காலி போட்டு, அதன்மேல் பெரிய கண்ணாடிக் கிண்ணத்தை வைத்தோம். கொடுவாவின் கழுத்துப் பக்கமாகத் துணிக் கைக்குட்டையையும் செருகினேன், எல்லா விருந்தினருக்கும் செருகுவதுதான். அம்மாவுக்கு அன்று ஒரு வவ்வால் சம்மதம் சொல்லியிருந்தது. வாழை இலையில் சுட்டுக் கொண்டுபோய் வைத்தார்கள். அம்மா முள்கரண்டியை ஓரமாக வைத்தார். ஐயாவும் கொடுவாவும் எதிரே உட்கார்ந்து பார்த்தார்கள். நடு முள் முழுசாக வந்து, வெளிச்சத்துக்கு உயர்ந்தபோது, கொடுவா ஐயாவின் பக்கம் திரும்பி, நீங்கள் சொன்னது சரிதான் என்பதுபோல் வாயை ஒருமுறை திறந்து மூடியது.

"இனிமே வீட்டுலயும் உட்காருறேன்" என்றார் அம்மா, இலையைப் பார்த்தபடியே.

"சும்மா சொல்லாத."

"நெசமாத்தான். நீங்க பரிமாறுங்க."

ஐயாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கழியின் மேல் வெயில் சாய்ந்திருந்தது. எங்கள் தளத்தில் அன்று எல்லா மேசைகளிலும் சாப்பாடு ருசியாக இருந்ததாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். சுகுமாரன் தன் கைப்பக்குவம் என்கிறார், இருக்கட்டும்.

கை கழுவியதும் கொடுவா மறுவீட்டுப் பேச்சை எடுத்தது. முடிவான இடத்தில் அன்றே மறுவீடு போய்விடுவது அவர்கள் பக்கத்து வழக்கமாம். எட்டு மணிக்குள் பத்திரமாகக் கொண்டுவந்து விட்டுவிடுவதாக என்னிடம் உறுதி சொன்னது. ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். அம்மா பூவும் பழமும் வைத்த தட்டை எடுத்துக்கொண்டார். மரத்தளத்துப் படிகளில் மூன்று பேரும் ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது அம்மா நின்று, "கதவைப் பூட்டினீங்களா?" என்று கேட்டார். "பூட்டினேன்" என்றார் ஐயா. பிறகு தலைகளும் உள்ளே போயின.

அன்று தண்ணீர் தெளிவாக இருந்தது. கீழே ஒரு கூடத்தில் விளக்கு எரிந்தது. அம்மாவை நடுவில் உட்காரவைத்திருந்தார்கள். கொடுவாவின் வீட்டார் சுற்றி நின்று உபசரிக்க, ஐயா கரண்டியோடு குனிந்து, போதுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா இன்னும் கொஞ்சம் என்று கையைக் காட்டினார்.

சற்று நேரத்தில் கழியிலிருந்து கத்தரிக்காய் வதங்கும் வாசனை மேலே வந்தது. சுகுமாரன் படியோரம் வந்து முகர்ந்து பார்த்தார்.

"எண்ணெய் பத்தாது, அக்கா" என்றார்.

எண்ணெய்த் தூக்கைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கினோம். காலியானதும் மேலே வந்தது.