மாடி வீட்டுச் சலவைத் தண்ணீர்

"அப்போ அந்த சோப்புத்தூளெல்லாம் எனக்காக வாங்கித் தரலையா?"

"உங்களுக்கு எதுக்கு சார்? என் எலுமிச்சைக்குத்தான்!"

ஊசியக்கா மாடிப்படியில் நின்று போட்ட சத்தத்தில் தெருவின் பாதி ஜன்னல்கள் திறந்துகொண்டன.

கீழ் வீட்டில் தையல் கடை வைத்திருப்பவள் ஊசியக்கா. மாடியில் மருந்துக்கடைக்காரர், நாற்பது தாண்டியும் ஒண்டிக்கட்டை. தெருவுக்கு அவர் மாத்திரை சார். குழாயில் நாளுக்கு ஒரு மணி நேரம்தான் தண்ணீர் என்றானதிலிருந்து, அவருடைய வாஷிங் மெஷின் கக்கும் தண்ணீரை அவரிடம் கேட்டுக்கொண்டு ஒரு ரப்பர் குழாயால் கொல்லைக்கு இழுத்து மரத்தடியில் விட்டிருந்தாள். காரமான தூள் வேருக்கு ஆகாது. அதனால் மரத்தைக் கெடுக்காத தூளாகப் பார்த்து மாதம் ஒரு பாக்கெட், "வச்சுக்கோங்க சார்" என்று நீட்டுவாள். காரணம் மட்டும் சொன்னதில்லை.

மனுஷன் வேறு மாதிரி நினைத்துக்கொண்டார். பாக்கெட் வரும் நாளில் சென்ட் என்ன, தலைக்குச் சாயம் என்ன! இன்று அவராகவே வேறு தூள் வாங்கி வர, "ஐயோ, மரம் பட்டுப்போயிடும்!" என்று இவள் ஓடிப்போய்த் தடுக்க, குட்டு உடைந்தது.

"இனிமே இங்க மெஷினே ஓடாது!" கதவு படாரென்று சாத்தப்பட்டது.

சொன்னபடியே துணியெல்லாம் சலவைக் கடைக்குப் போயிற்று. ஊசியக்கா கொல்லைக்கு ஓடினாள். ஆறு வருஷமாக வளர்த்த மரம், இப்போதுதான் முதல் தடவையாகப் பூத்திருக்கிறது. பாத்திரம் அலசிய தண்ணீர், காய் கழுவிய தண்ணீர், தொட்டிக்குள் நின்று குளித்து மிச்சம் பிடித்த தண்ணீர் எல்லாம் ஊற்றிப் பார்த்தாள். மரத்துக்கு அது தொண்டை நனையக்கூடக் காணவில்லை. பூ கொட்டியது. பத்தாம் நாள் ரோஷத்தை விழுங்கிக்கொண்டு மாடியேறினாள்.

"தப்பு என்மேலதான் சார். முன்னாடியே சொல்லியிருக்கணும். நாலு துணியாவது மெஷின்ல போடுங்க."

"கோபமெல்லாம் இல்லம்மா. ஆனா அந்தச் சலவைக் கடைக்காரம்மா காலரை எப்படித் தேய்க்கிறாங்க தெரியுமா!" சென்ட் வாசனை குப்பென்று வந்தது.

ஓஹோ, அப்படியா சேதி! ஊசியக்காவுக்குப் புரிந்துவிட்டது. சின்னதாக எங்கோ சுருக்கென்றது என்று சொல்வார்கள், அவள் ஒப்புக்கொண்டதில்லை.

"அப்போ மெஷின் சும்மாத்தானே சார் கெடக்கு? கொஞ்ச நாளைக்குக் குடுங்களேன்."

மெஷின் கீழே இறங்கியது. அன்றே தெரு முழுக்க அறிவிப்பு: "துணி துவைச்சுத் தரேன், காசு வேண்டாம். ஆளுக்கு ரெண்டு குடம் தண்ணியோட வாங்க, தூள் என்னோடது." எதிர்வீட்டுத் திரைச்சீலை, பக்கத்து வீட்டுப் போர்வை, யாருடையதென்று யாரும் வாய் திறக்காத ஒரு ஓட்டை பனியன் என்று அழுக்கு வந்து குவிந்தது. எப்படியும் வீட்டில் துவைத்துச் சாக்கடையில் விட்டிருக்கக்கூடிய தண்ணீர்தானே! மரத்தில் பதினேழு பிஞ்சு நின்றது.

மாத்திரை சார் சலவைக் கடைக்காரம்மாவையே கட்டிக்கொண்டு, பாலத்துக்கு அந்தப் பக்கம் குடிபோய்விட்டார். அவருடைய கல்யாண உடுப்பைத் தைத்தது ஊசியக்காதான். இடுப்பில் அரை அங்குலம் பிடித்ததாம். டேப் பழசு என்றாள். மாடிக்கு இப்போது இரட்டைக் கைக்குழந்தைகளோடு ஒரு குடும்பம் வந்திருக்கிறது. நாளுக்கு எத்தனை துணி அழுக்காகும் என்று ஊசியக்கா முதல் நாளே விசாரித்துவிட்டாள்.