பூஜை நாளின் அளவுகள்

ஃபிராங்க்ளின் மவுஸை மெல்ல உருட்டினான். திரையில் அளவுப் பதிவின் நாட்கள் பின்னோக்கிப் போயின. மாதவி அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொல்கத்தாவின் கிடர்பூரில் கப்பல் வால்வுகள் செய்யும் அந்தத் தொழிற்சாலையின் தர மேலாளர் அவள். இயந்திரங்களைக் கணினியோடு இணைக்கத் தொழிற்சாலை தயாரா என்று மதிப்பிட, முக்கிய வாடிக்கையாளர் ஃபிராங்க்ளினைச் சென்னையிலிருந்து அனுப்பியிருந்தார். நிலைகளில் ஒன்று மிகத் தாழ்ந்தது; மூன்றாவது கிடைத்தால் ஆர்டர் தொடரும். குறைந்தால் வேறு ஊருக்குப் போய்விடும்.

"எல்லாம் பச்சை, பார்த்தேளா?" என்றார் முதலாளி பட்டாபிராமன். "ஒரு சிவப்புக் கட்டம் காட்டுங்கோ, மத்தியானச் சாப்பாடு என் செலவு."

மாதவி எழுந்து ஜன்னலைத் திறந்தாள். மூடினாள். மறுபடி உட்கார்ந்தாள்.

உருட்டுவது நின்றது.

"போன வாரம் விஸ்வகர்மா பூஜைதானே சார்?"

"ஆமா. அன்னிக்கு ஒரு மெஷினையும் தொடமாட்டா. மாலை போட்டு, பொட்டு வெச்சு, எல்லாரும் மாடியில காத்தாடி விட்டுண்டிருந்தா."

"அப்ப அன்னிக்குத் தேதியில இருக்கிற இந்த வால்வு விட்டமெல்லாம் யாரு அளந்தது?"

பட்டாபிராமன் குனிந்து பார்த்தார். சிரித்தார். "விஸ்வகர்மாவே அளந்திருப்பார்."

ஃபிராங்க்ளின் சிரிக்கவில்லை. வெளியே ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது. மென்பொருள் கோளாறு என்று சொல்லிவிடலாம். அவனும் எழுதிக்கொள்வான். மாதவி அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"நான்தான் போட்டேன். வீட்டுலேருந்து."

"நீயா? ஏன்?"

"கட்டம் காலியா இருந்தா சிவப்பாயிடும் சார். சிவப்பானா நீங்க கீழே வந்து எல்லார் முன்னாடியும் கத்துவீங்க. பூஜை அன்னிக்குமா வாங்கிக் கட்டிக்கணும்?"

"நான் எப்போ கத்தினேன்?" என்று கத்தினார் பட்டாபிராமன்.

கீழே கடைசல் இயந்திரத்தின் சத்தம் சட்டென்று நின்றது.

"அன்னிக்கு மட்டுமா மேடம்?" என்றான் ஃபிராங்க்ளின்.

"இல்ல. அளவு தப்பினாலும் கீழே வேலை செய்யறவங்க சரின்னுதான் பதிவு போடுவாங்க. எனக்குத் தெரியும்."

ஃபிராங்க்ளின் மவுஸைத் தள்ளி வைத்தான். "கம்ப்யூட்டர், சென்சார் எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். ஆனா ஆதாரத்தை வச்சு முடிவெடுக்கிறாங்களான்னு பார்க்கணும். பயந்து போட்ட நம்பர் ஆதாரம் ஆகாது. ஒன்னாம் நிலைதான் தர முடியும்."

பட்டாபிராமன் படியிறங்கினார். மாதவி பின்னாலேயே ஓடினாள். தொழிலாளர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"இன்னிக்கு எது தப்பியிருக்கு?" என்று வங்க மொழியில் கேட்டார்.

குரலைத் தணித்து மறுபடி கேட்டார். ஒருவர் கையிலிருந்த துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மாதவி வேலை மேசைக்கு அடியில் கைவிட்டு, ஒளித்துவைத்திருந்த ஒரு வால்வை எடுத்தாள். பட்டாபிராமன் கையில் வைத்தாள்.

"இது" என்றாள்.