பதினான்கு கிலோ முந்நூறு கிராம்

உச்சிமாகாளிக்கு முதலில் அநியாயம் செய்தவர் ஹெட் கிளார்க் சிதம்பரநாதன். அது தொண்ணூற்றொன்றாம் வருடத்து ஆயுத பூஜை அன்று நடந்தது. முப்பத்து மூன்று வருடம் கழித்து, திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் பின்னால் இருக்கும் பார்சல் ஆபீஸில் அந்தக் கோபத்தைத் தராசில் ஏற்றி நிறுத்தபோது, பதினான்கு கிலோ முந்நூறு கிராம் இருந்தது.

"சாக்கோட சேத்தா, சாக்கு நீக்கியா?" என்று கேட்டாள், சென்னையிலிருந்து பயிற்சி கொடுக்க வந்திருந்த பெனிட்டா.

"சாக்கு அரைக் கிலோகூட வராதும்மா. மத்ததெல்லாம் சரக்குதான்," என்றார் மாகாளி.

ஆபீஸுக்குச் செயற்கை நுண்ணறிவு வருகிறது, ஊழியர்கள் அதனோடு பழகிக்கொள்ள வேண்டும் என்று போன மாதமே நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். வந்ததைப் பார்த்தால் பலகாரக் கடை முறுக்கு டின் அளவுக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அதற்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள், ஆஜர் பட்டியலில் பெயர் எழுதினார்கள். எல்லாரும் அதைப் பெட்டி என்றே கூப்பிட்டார்கள். அதுவும் கூப்பிட்ட குரலுக்கு 'என்ன?' என்று கேட்டது.

"இது உங்க வேலைய எடுத்துக்க வரல, உங்க சுமைய எடுத்துக்க வந்திருக்கு," என்றாள் பெனிட்டா. "ரொம்ப நாளா மனசுல சுமக்கிறது எதுவோ, ஆளுக்கு ஒண்ணு பார்சல் கட்டி இது பேருக்கு புக் பண்ணுங்க. அப்பதான் இது உங்களுக்குப் பழகும், நீங்களும் இதுக்குப் பழகுவீங்க."

பார்சல் ஆபீஸ்காரர்களுக்கு அதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை. கேஷியர் இசக்கியம்மாள் பல்லி பயத்தை புக் செய்தாள். இருநூறு கிராம்தான். அன்றிலிருந்து பெட்டி மேற்குச் சுவர் பக்கம் பார்ப்பதில்லை. டிரைவர் தேவசகாயம் நாலாம் வகுப்பில் பெயிலானதை புக் செய்தார். பெட்டி அன்று சாயங்காலம் வரை ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறியது.

மாகாளி இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் கோணி ஊசியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்.

அந்த ஆயுத பூஜை அன்று சிதம்பரநாதன்தான் சந்தனக் கிண்ணம் ஏந்தி வந்தார். தராசுக்குப் பொட்டு வைத்தார். டைப்ரைட்டருக்கு, பூட்டுக்கு, மை டப்பாவுக்கு, சுவர்க் கடிகாரத்துக்கு, கக்கூஸ் வாளிக்குக்கூட வைத்தார். மாகாளி மூட்டை தூக்கும் கொக்கியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வரிசையின் கடைசியில் நின்றார். முந்தின நாள் முழுக்கச் செங்கல் பொடி போட்டுத் தேய்த்த கொக்கி அது. சிதம்பரநாதன் அதைப் பார்த்தார்.

"கொக்கிக்கெல்லாம் எதுக்குவே பொட்டு? கை வழுக்கும்," என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

அவ்வளவுதான். பொரி பொட்டலம்கூட வாங்காமல் மாகாளி வீட்டுக்குப் போனார். மறுநாளிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

பேச்சு இல்லையென்றால் வேலை நடக்குமா? நடந்தது. நடுவில் தராசு இருந்தது. "தராசே, நாகர்கோவில் சரக்குல மூணு உருப்படி குறையுதுன்னு அந்தாளுட்ட சொல்லு," என்பார் மாகாளி. "தராசே, கண்ணத் தொறந்து பின்கட்டுல தேடச் சொல்லு," என்பார் சிதம்பரநாதன். தராசு யார் பக்கமும் சாயாமல் நிற்கும். பார்சல் ஏதும் ஏறியிருக்கும்போது பேசக் கூடாது என்பது மட்டும் ஒரு ஏற்பாடு. சாத்தூர் வெள்ளரிக்காய் வரும் மாதங்களில் தராசு ஒழியவே ஒழியாது. அப்போதெல்லாம் சொல்ல வேண்டியதைச் சேர்த்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் எதிரும் புதிருமாகக் காத்திருப்பார்கள்.

அந்தத் தராசு கடைசியாக எடை போட்டது மாகாளியின் கோபத்தைத்தான். பெட்டி பார்த்த மாத்திரத்தில் எடை சொல்லிவிடும் என்பதால், மறுநாளே தராசை வண்டியேற்றி அனுப்பிவிட்டார்கள்.

"உடையிற சாமானா?" என்று படிவம் நிரப்பும்போது பெனிட்டா கேட்டாள்.

"இதுவரைக்கும் உடையல."

மாகாளி பெருவிரலில் மை தொட்டு அனுப்புநர் இடத்தில் வைத்தார். பெட்டி பெறுநர் இடத்தில் பச்சை விளக்கை ஒரு முறை எரித்தது.

முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது. சிதம்பரநாதன் காலையில் உள்ளே வந்தால் பெட்டி ஸ்டூலோடு சேர்ந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளும். அவர் கேட்கும் ரசீது மட்டும் எல்லாருக்கும் கடைசியில் வரும். "என்னவே, இதுவும் உம்ம மாதிரியே மூஞ்சத் தூக்குது," என்று தேவசகாயம் சிரித்தார். மாகாளிக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.

இரண்டாம் வாரம் சட்டை தொளதொளத்தது. முதுகு நிமிர்ந்ததில் வீட்டு நிலைப்படியில் தலை இடித்தது. ஒரு நாள் காலையில் சிதம்பரநாதன் படியேறும்போது மாகாளி வாய் தவறி, "வாங்க," என்றார். சொன்ன பிறகு கையால் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஆயுத பூஜை அவருக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் யாரோ வீட்டுக் கல்யாண போட்டோவில் இருப்பதுபோல இருந்தது. அந்த நாளைவிட அதற்குப் பின்னால் வந்த நாட்கள்தான் அவரைப் பிடித்து இழுத்தன. காலையில் காக்கிச் சட்டையைப் போடும்போது கோபமும் கூடவே மாட்டிக்கொள்ளும். ஷட்டரைத் தூக்கியதும் கருவாட்டுக் கூடையும் பிச்சிப்பூ மூட்டையும் கலந்து ஒரு வாடை வரும். கண்ணை மூடிக்கொண்டு மூட்டையைத் தூக்கினால், உள்ளே இருப்பது கடலை மிட்டாயா, தீப்பெட்டியா, கல்யாணப் பத்திரிகையா என்று தோள் சொல்லிவிடும். அதை உரக்கச் சொல்லி மேஜைக்குப் பின்னால் இருக்கும் சிதம்பரநாதனின் முகத்தைப் பார்ப்பார். அவர் பாராட்ட மாட்டார். பாராட்டாமல் இருப்பதற்கு அவர் படும் பாட்டைப் பார்த்தே மாகாளிக்கு அந்த நாள் ஓடிவிடும். இன்று மாகாளி கடலை மிட்டாய் என்று வாயைத் திறப்பதற்குள் பெட்டி எத்தனை துண்டு என்றுகூடச் சொல்லிவிடுகிறது.

வெள்ளிக்கிழமையோடு சிதம்பரநாதன் ஓய்வு பெறுகிறார் என்று இசக்கியம்மாள் சொன்னாள். முப்பத்து மூன்று வருடமாக மாகாளி எதிர்பார்த்தது ஒரே ஒரு சொல்தான். 'தப்புதான்.' அதை அந்த மனிதர் நேரில் நின்று, தன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கோபம் போன இடம் நெஞ்சில் குழியாகக் கிடந்தது. அந்தச் சொல் வந்தால் அந்த இடத்தில் சரியாக உட்காரும் என்று அளவு பார்த்து வைத்திருந்தார்.

ஆனால் கோபம் கையில் இல்லாமல் போய் அந்தச் சொல்லைக் கேட்டு வாங்க முடியாது. வெள்ளிக்கிழமை காலையில் முதல் ஆளாக வந்து பெட்டியின் முன்னால் நின்றார்.

"எம் பார்சலத் திருப்பிக் குடு. ஒரு நாளைக்கு மட்டும் வேணும்."

"அது முடிஞ்சு போச்சே அண்ணாச்சி," என்றது பெட்டி.

"என்னது முடிஞ்சு போச்சு?"

"நேத்து மத்தியானம் கிளார்க்கய்யா எம் முன்னால வந்து நின்னாரு. பெறவு, 'அன்னைக்கு நான் செஞ்சது தப்புதான்'ன்னு சொன்னாரு. கண்ணு கலங்கிட்டு. நானும் சரி போட்டும்னு விட்டுட்டேன்."

"நான் எங்க போயிருந்தேன்?"

"நீங்க டீ குடிக்கப் போயிருந்திய."

மாகாளி மேஜைக்குப் போனார். சிதம்பரநாதன் இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தார். நடுவில் தராசு இருந்த இடத்தைத் தரையில் நான்கு பள்ளங்கள் காட்டின. மாகாளி அந்தப் பள்ளங்களைத் தாண்டி நின்று நேராகவே பேசினார்.

"எங்கிட்ட ஒண்ணு சொல்லணும் நீரு."

"சொல்லியாச்சே," என்றார் சிதம்பரநாதன்.

"எங்கிட்ட சொல்லல."

"உம்ம கோவம் எங்கவே இருந்துது? பெட்டிகிட்ட. அது இருக்க இடத்துலதான சொல்லணும்? கோவம் இல்லாத ஆளுகிட்ட போய் தப்புன்னு சொன்னா, பைத்தியம்னு நெனைக்க மாட்டீரா?"

"இன்னொரு தடவ சொன்னா என்ன கொறஞ்சு போவுது?"

சிதம்பரநாதன் நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் திமிர் இல்லை. "எங்கிட்ட இருந்ததே ஒண்ணுதான் மாகாளி," என்றார். "அதச் சேத்து வைக்கவே இத்தன வருசம் ஆச்சு. கையெழுத்து வாங்கி டெலிவரியும் பண்ணியாச்சு. டெலிவரி ஆனதத் திரும்ப எடுக்க முடியாதுன்னு உமக்குத் தெரியாதா?"

மாகாளிக்குத் தெரியும். அந்த விதியைச் சொல்லி எத்தனையோ பேரை அவரே திருப்பி அனுப்பியிருக்கிறார். பெட்டியிடம் மறுபடியும் போனார்.

"அந்தச் சொல்லையாவது எம் பேருக்கு மாத்திக் குடு."

"எங்கிட்ட இதுவரைக்கும் எல்லாரும் கேள்விதான் கேட்டிருக்காங்க அண்ணாச்சி. ஒருத்தர் வந்து ஒண்ணு குடுத்தது இதான் மொத தடவ," என்றது பெட்டி. "கொஞ்ச நாள் வச்சுக்கிடுதேன். அதோட நான் மத்தியானத்துலருந்து லீவு. கல்லிடைக்குறிச்சில கிளார்க்கய்யா பேத்திக்குக் காது குத்து. குடும்பத்தோட வரணும்னு கூப்பிட்டிருக்காரு."

மாகாளியை யாரும் கூப்பிடவில்லை.

"பெட்டி வர்ற வரைக்கும் அதோட வேலைய நீங்கதான் பாத்துக்கணும்," என்றாள் பெனிட்டா. "ஸ்டூல்ல உக்காந்துக்குங்க. யாராவது பெட்டின்னு கூப்பிட்டா, என்னன்னு கேளுங்க."

மாலை போட்டு, மிக்சரும் ஆரஞ்சு ஜூஸும் கொடுத்து சிதம்பரநாதனை அனுப்பி வைத்தார்கள். பெட்டியை பஸ் ஸ்டாண்டு வரை தூக்கிப் போவது யார் என்ற கேள்வி வரவில்லை. தூக்குகிற வேலை மாகாளியுடையது. தோளில் ஏற்றியதுமே அவருக்கு உள்ளே இருப்பது தெரிந்துவிட்டது. ஒரே ஒரு சொல். ஒன்றரைக் கிலோ இருக்கும். புதுசு. ஒரு தடவைதான் பிரித்திருக்கிறார்கள். இளஞ்சூடு தோளில் இறங்கியது. வழியில் வைத்துப் பிரிக்கலாம் என்று நினைக்கவில்லை என்று சொல்ல முடியாது. பாலத்தடியில் ஒரு நிமிடம் நின்றார். ஆனால் அடுத்தவர் பேருக்கு வந்த பார்சலை அவர் இந்த நாற்பது வருடத்தில் பிரித்தது கிடையாது. நடந்தார்.

பஸ்ஸில் சிதம்பரநாதன் உட்கார்ந்தார். பக்கத்தில் பெட்டியை வைத்தார் மாகாளி. பெட்டி மூடியைத் திறந்து சொல்லை வெளியே எடுத்து விட்டது.

கண்டக்டர் வந்தார். "பெட்டிக்கு முழு டிக்கெட்டு. இந்தப் புள்ளைக்கு எத்தன வயசு?"

"நேத்துதான் பொறந்தது," என்றார் சிதம்பரநாதன்.

"அப்ப டிக்கெட் வேண்டாம். மடியில வச்சுக்கிடுங்க."

"வைக்கலாம். ஜன்னலோரம்தான் இருப்பேங்குது."

கண்டக்டர் சரியென்று விசில் ஊதினார். பஸ் நகர்ந்தது. ஜன்னலோரம் இருந்த சொல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்து, மாகாளிக்குக் கையசைத்தது.

மாகாளி கையசைக்கவில்லை. அது இன்னும் அவருக்கு வந்து சேராத சரக்கு. வராத சரக்குக்கு அவர் என்றைக்குமே கைநாட்டு வைத்ததில்லை.