கூமாவை ஏற்றிப் போக வந்த கார்

ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை. காலை பத்தரைக்கே லெஸ்கோவாட்ஸ் ஊரில் தார் ரோடு இளகிவிட்டது. கல்யாணக் கார்கள் ஐந்தும் ஹாரன் அடித்துக்கொண்டு டெசங்காவின் கார் ஏசி பட்டறை வாசலில் வந்து நின்றன. முதல் காரிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா பிளகோயே இறங்கினார். கோட்டு, உள்கோட்டு, டை, மார்பில் ரோஸ்மேரிக் கொத்து, கையில் ரக்கியாச் சாராயம். முகமெல்லாம் வேர்வை.

கூமாவை ஏற்றாமல் கல்யாண ஊர்வலம் ஓரடி நகராது. முதலில் கூமா வீடு, பிறகுதான் பெண் வீடு, கோவில் எல்லாம். பிளகோயே குடும்பத்துக்குக் கூமா டெசங்கா. அவர் மகன் ஒக்னியேனுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் அவள். இன்று அவன் கல்யாணத்துக்குச் சாட்சியாக நிற்கப் போகிறவளும் அவளேதான். ரத்த சொந்தத்தைவிட ஒரு படி மேலே வைக்கிற உறவு; ஆணானால் கூம், பெண்ணானால் கூமா. அந்த உறவின் மேல்தான் இந்த மனுஷன் பொய்ச் சத்தியம் பண்ணியிருந்தார்.

போன வருஷம் ஜூன் மாதம் நடந்தது அது. இருபத்துமூன்று வருஷப் பழைய காரைக் கொண்டுவந்து நிறுத்தி, ஏசி குளிரவில்லை, கேஸ் மட்டும் ஏற்றிக் கொடுங்கள் என்றார். யாராக இருந்தாலும் கேட்கிற கேள்வியை டெசங்கா அவரிடமும் கேட்டாள். வீட்டிலேயே லீக் அடைக்கிற மருந்து எதையாவது ஊற்றினீர்களா? அது ஒரு பாழாய்ப் போன மருந்து. ஈரம் பட்டால் கோந்தாக இறுகும். காரில் ஓட்டையை அடைக்கிறதோ இல்லையோ, கேஸை உறிஞ்சுகிற பட்டறை மெஷினுக்குள் போனால் மெஷினின் கதை முடிந்தது. அதைக் கண்டுபிடிக்க அவளிடம் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய் இருந்தது. வருகிற கார் ஒவ்வொன்றிலும் அதை மாட்டிப் பார்த்த பிறகுதான் மெஷினைத் தொடுவாள்.

பிளகோயே நெஞ்சில் கை வைத்து, "கூம் உறவு மேல சத்தியம், நான் ஒண்ணும் ஊத்தல" என்றார். அதற்கு மேலும் குழாயை மாட்டினால் அது காரைச் சோதிப்பது ஆகாது, மனுஷனைச் சோதிப்பதாகிவிடும். அந்த ஊரில் எந்தக் கூமாவும் அதைச் செய்ய மாட்டாள். டெசங்காவும் செய்யவில்லை.

அரை மணி நேரத்தில் மெஷின் முக்கி முனகி நின்றுபோனது. பிரித்துப் பார்த்தால் உள்ளே எல்லாம் கோந்து. இரண்டு பனிக்காலம் விரல் விறைக்க ரேடியேட்டர் பற்றவைத்து வாங்கிய மெஷின் அது. பிளகோயே தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். அதோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. பொம்பளை கையில் காரைக் கொடுத்தேன், கம்ப்ரசரைக் கருக்கிவிட்டாள் என்று சாராயக் கடை முழுக்கச் சொல்லித் திரிந்தார். நாக்கில் நரம்பில்லாத ஆள். அதைக் கேட்டு, அதுவரை அவளிடமே வந்துகொண்டிருந்த ராடிசாவ் தன் ஏழு டாக்சிகளையும் வேறு பட்டறைக்குக் கொண்டுபோனார். அவரைப் பார்த்து மற்றவர்களும் போனார்கள். பதினான்கு மாதம் டெசங்கா ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஒரு நாள்கூட மறக்கவில்லை. மனதுக்குள் கறுவிக்கொண்டே இருந்தாள்.

இன்று பச்சைப் பட்டுக் கவுன் போட்டு, முடியைச் சுருட்டி, வாசலில் நின்றாள். ரக்கியாவை ஒரு வாய் குடித்தாள். மாப்பிள்ளை ஒக்னியேன் இரண்டாவது காரிலிருந்து இறங்கி வந்து அவள் கையை முத்தமிட்டான். அந்தக் காரை ஓட்டி வந்தவர் ராடிசாவ்தான். அவரைப் பார்த்ததும் அவளுக்கு வயிறு குளிர்ந்துபோனது. இவர் இல்லாமல் என்ன விசேஷம்.

முதல் கார் பிளகோயேயின் அதே பழைய கார். அதில் ஏறப் போனவள் கையை மட்டும் உள்ளே நீட்டினாள். அடுப்பங்கரை மாதிரி அனல். ஏசி என்ன ஆயிற்று என்று விசாரித்தாள். முதல் ஐந்து நிமிஷம் சில்லென்று வரும், அப்புறம் யாரோ மூச்சு விடுகிற மாதிரி வெதுவெதுப்பாக வரும் என்று பிளகோயே அசடு வழிந்தார். கண்ணாடியை இறக்கிவிட்டுப் போய்விடலாமே என்றார்.

பின் சீட்டிலிருந்து அவர் மனைவி ஜாகோர்க்காவின் குரல் வந்தது. "கண்ணாடியை இறக்கினா நானும் இறங்கிடுவேன். புள்ள கல்யாணத்துல கழுத்துப் பிடிச்சு நிக்கணுமா நான்?"

அந்த வெயிலிலும் அவள் கழுத்தில் கம்பளித் துண்டு. ஓடுகிற காரில் குறுக்குக் காற்று பட்டால் கழுத்து பிடிக்கும், காது குத்தும், பல் வலிக்கும், சிறுநீரகம் கெட்டுப்போகும். அங்கே அது டாக்டர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊர்வலத்தில் ஒருவரும் ஜாகோர்க்காவை மறுத்துப் பேசவில்லை.

"பானெட்டைத் திறங்க கூம்," என்றாள் டெசங்கா.

அவசரமே படவில்லை. கவுனுக்கு மேல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஃபேன் சுற்றுகிறதா, சுற்றுகிறது. பெல்ட் இழுக்கிறதா, இழுக்கிறது. முன் கிரில்லில் பாப்ளர் மரத்துப் பஞ்சு அடைத்திருக்கிறதா, இல்லை. கம்ப்ரசர் டக்கென்று பிடித்தது, கொஞ்ச நேரத்தில் டக்கென்று விட்டது. அழுத்தம் காட்டுகிற கேஜை மாட்டி இன்ஜினை முடுக்கச் சொன்னாள். முள் பூஜ்யத்துக்கும் கீழே சரிந்தது. ஊர்வலத்தோடு வந்த டிரம்பெட் வாசிக்கிறவர்கள் சுவர் நிழலில் ஒட்டிக்கொண்டார்கள். ராடிசாவ் வந்து அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

உள்ளே ஏதோ வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று ஊருக்கே கேட்கிற மாதிரி அவருக்கு விளக்கினாள். பிறகு பிளகோயே பக்கம் திரும்பினாள்.

"இதுக்குள்ள ஏதாவது ஊத்தினீங்களா?"

பிளகோயே சுற்றிலும் பார்த்தார். நாற்பது கண்கள். நேரமோ ஓடிக்கொண்டிருந்தது. கை தானாக நெஞ்சுக்குப் போனது.

"கூம் உறவு மேல சத்தியம். ஒண்ணும் ஊத்தல."

இதற்காகத்தான் அவள் பதினான்கு மாதம் காத்திருந்தாள். இன்ஜினை நிறுத்தச் சொல்லி, முள் மேலே ஏறும்வரை பொறுத்து, அலமாரியிலிருந்து அந்தக் கண்ணாடிக் குழாயை எடுத்து வந்து மாட்டினாள். இந்த முறை அவள் கை தயங்கவில்லை. உள்ளே ஈரமான வடிகட்டி, அதற்கு மேல் ஒரு சின்னக் குண்டு. கேஸ் போகிறவரை குண்டு மிதக்கும். மருந்து இருந்தால் வடிகட்டியில் இறுகி வழியை அடைக்கும், குண்டு விழும். மூன்று நிமிஷம் பாருங்கள் என்றாள்.

குண்டு மிதந்தது. ஒரு நிமிஷம் தாண்டியும் மிதந்தது. பிளகோயே முகத்தில் சிரிப்புகூட வந்தது. இரண்டாவது நிமிஷம் குண்டு ஆடியது, இறங்கியது, அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. டெசங்கா வடிகட்டியைக் கழற்றி ராடிசாவ் உள்ளங்கையில் வைத்தாள். அவர் விரலால் தொட்டார். ஒட்டியது.

பிளகோயே முகத்தில் ஈயாடவில்லை. ஒக்னியேன் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றான். பிளகோயே எதையோ மென்று முழுங்கிச் சொன்னார்.

"சத்தமாச் சொல்லுங்க," என்றாள் டெசங்கா. "டிரம்பெட்காரங்களுக்குக் கேக்கல."

"நான்தான் ஊத்தினேன். போன வருஷமும் ஊத்தினேன், போன வாரமும் ஊத்தினேன்." அவர் தரையைப் பார்த்துப் பேசினார். "மெஷின் போனதும் என்னாலதான். கூமா மேல தப்பில்ல."

ராடிசாவ் தொப்பியைக் கழற்றினார். திங்கட்கிழமை டாக்சிகளைக் கொண்டுவருகிறேன் என்று தணிந்த குரலில் சொன்னார். கொண்டுவாருங்கள், ஆனால் குழாய் மாட்டிப் பார்த்த பிறகுதான் தொடுவேன், இனி யார் சத்தியமும் இங்கே செல்லாது என்றாள் அவள். பிளகோயே கெடுத்தது மெஷினை மட்டும் இல்லையே.

இப்போது சரி பண்ணிவிடலாமா என்று பிளகோயே வெட்கம் கெட்டுக் கேட்டார். முடியாது, உள்ளே இறுகிவிட்டது, குழாய் முதற்கொண்டு எல்லாம் மாற்ற வேண்டும் என்று ஏப்ரனை அவிழ்த்தாள். ராடிசாவ் தன் காரில் ஏசி நன்றாக இருக்கிறது, அதில் வாருங்கள் என்று கூப்பிட்டார். டெசங்கா மாட்டேன் என்று தலையாட்டினாள். கூமா முதல் காரில்தான் போக வேண்டும். முறை என்று ஒன்று இருக்கிறது.

பட்டறை ஃப்ரிட்ஜிலிருந்து உறைந்த தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்துத் துவாலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, காரை ஓட்டுகிற பிளகோயே பக்கத்தில் முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

ஊர் எல்லை தாண்டவில்லை, அதற்குள் பிளகோயேயின் டை அவிழ்ந்தது. ரோஸ்மேரி வாடித் தொங்கியது. காலர் நனைந்து, உள்கோட்டு நனைந்து, வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. பொறுக்க முடியாமல் அவர் விரல் மெதுவாகக் கண்ணாடிப் பொத்தானுக்குப் போனது.

"கையை எடுங்க கூம்," என்றாள் டெசங்கா, பாட்டிலைத் தன் கழுத்தில் ஒற்றிக்கொண்டே. "குறுக்குக் காத்து. ஜாகோர்க்காவுக்கு ஆகாது."

பின் சீட்டில் ஜாகோர்க்கா கம்பளித் துண்டை இறுக்கிக்கொண்டு, கூமாவுக்காவது தன் மேல் அக்கறை இருக்கிறதே என்றாள். பெண் வீடு விராண்யேயில் இருந்தது. இன்னும் ஒரு மணி நேர ஓட்டம்.