வாசலுக்கு ஒரு தோல் வளையம்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஷர்மிளாவுக்கு மேல்தோல் தைக்கிற வேலை. பதினொரு வருஷமாக அதே மிஷின், அதே ஜன்னலோரம். டிசம்பர் முதல் வாரத்தில் பேக்கிங் பக்கம் புது அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. மூடியில் ஒரு படம். பனி மூடிய வீடு. அதன் கதவு நடுவில் பச்சை இலையும் சிவப்புப் பழமும் வைத்துக் கட்டிய வட்டமான மாலை. சாப்பாட்டு நேரம் முழுக்க ஷர்மிளா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பச்சையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று குனிந்தால், காலடியிலேயே பச்சைத் தோல் துண்டுகளாகக் குவிந்து கிடந்தது. அந்த மாதம் பெண்களுக்கான பச்சை ஷூ ஆர்டர்.

சூப்பர்வைசர் முஸம்மிலிடம் போய் நின்றாள்.

"சார், வேஸ்ட் தோல் ஒரு பை எடுத்துனு போவட்டுமா?"

"இன்னாத்துக்கும்மா?"

"இலை வெட்டப் போறேன் சார். கிறிஸ்மஸுக்கு வாசல்ல மாட்ட."

முஸம்மில் சிரித்துவிட்டு, 'இலை செய்ய தோல் துண்டு, ஒரு பை' என்று கேட் பாஸில் எழுதிக் கொடுத்தார். வாட்ச்மேன் அதை இரண்டு தடவை சத்தமாகப் படித்தார். பைக்குள் கையை விட்டு ஒரு துண்டை எடுத்துப் புரட்டிப் பார்த்து, "இந்த இலையில சோறு போட்டா தாங்குமா?" என்றார்.

வீட்டில் அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. மாமியார் சவுரியம்மாள் பையைத் திறந்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இதைப் போய் வாசல்ல மாட்டுவியா? சேசு சாமி வர்ற வாசல்லயா?"

"இந்த வீட்டுக்குச் சோறே இதுலதான் வருது அத்தே. சாமி கோச்சுக்குமா?"

"சாமி கோச்சுக்காது. நான் கோச்சுப்பேன்" என்று சொல்லிவிட்டு சவுரியம்மாள் உள்ளே போய்விட்டாள்.

ஷர்மிளாவும் விடுகிற ஆள் இல்லை. வேலை முடிந்து வந்து டீ குடித்ததும் கத்தரிக்கோலோடு உட்கார்ந்துவிடுவாள். இலை ஒவ்வொன்றுக்கும் நடுவில் நரம்பு மாதிரி ஒரு கோடு கீறி, சுடுதண்ணீரில் நனைத்து, விரலால் வளைத்துக் காயவைத்தாள். பையில் கலந்து வந்த சிவப்புத் தோலை நாடா நாடாக வெட்டிச் சுருட்டினால் பழம். கட்டுக்கம்பியை நாலு சுற்று முறுக்கி வளையம் செய்து, நூற்றிருபது இலையையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் கட்டினாள். கணவன் வசந்த் ஷிப்ட் முடிந்து வந்து பார்த்துவிட்டு, "நெஜ இலை மாதிரியே கீதே" என்றான். சவுரியம்மாள் மட்டும் டிவி பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். விளம்பரம் வரும்போதுகூடத் திரும்பவில்லை.

இருபத்துமூன்றாம் தேதி சாயங்காலம் வளையம் கதவில் ஏறியது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டு சங்கீதா போனில் படம் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஷர்மிளா அதிரசத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது சங்கீதாவின் கூச்சல் கேட்டது.

"ஷர்மிளாக்கா! உங்க மாலையை டைகர் தூக்கினு போறான்!"

டைகர் தெரு நாய். யார் போட்டாலும் தின்னும். தோல் வாசனை வீட்டுக்காரர்களுக்குப் பழகிப்போயிருந்தது. டைகருக்கு அது ஒரு விருந்தின் வாசனை. ராத்திரி முழுக்க மோப்பம் பிடித்தபடியே படுத்திருந்திருக்க வேண்டும்.

மாவுக் கையோடு ஷர்மிளா வெளியே ஓடிவந்தாள். அவளுக்கு முன்னால், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் தென்னந்துடைப்பத்தோடு, ஒருத்தி பாய்ந்து போய்க்கொண்டிருந்தாள். சவுரியம்மாள்! முட்டி வலி என்று மாடிப்படி ஏறாத சவுரியம்மாள்.

"அடேய்! உடுடா! ஆறு நாளா கண்ணு நோவ வெட்டினா அவ! உடுடா நாயே!"

டைகர் வளையத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடியது. கல்யாண மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாகத் தப்பி ஓடுவதைப் போலிருந்தது. பால்காரர் சைக்கிளைக் குறுக்கே போட்டார். சங்கீதா ஒரு பொறை ரொட்டியை நீட்டினாள். டைகர் ஒரு நிமிஷம் யோசித்தது. அந்த ஒரு நிமிஷம் போதும். சவுரியம்மாள் கம்பியைப் பிடித்துவிட்டாள். இரண்டு பக்கமும் இழுத்ததில் முறுக்கு அவிழ்ந்து, வளையம் நீளமாக அவள் கையோடு வந்தது. பாதி இலை தெருவெல்லாம் சிதறிக் கிடந்தது. ஏழெட்டு இலை டைகர் வயிற்றில்.

வீட்டுக்கு வந்து இருவரும் படியில் உட்கார்ந்தார்கள். மூச்சு வாங்கியது. ஷர்மிளாவுக்கு அழுகை வரும் போலிருந்தது. மாமியாரின் தலைமுடியில் ஒட்டியிருந்த சிவப்புப் பழத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"நீங்க ஏன் அத்தே ஓடினீங்க? உங்களுக்குத்தான் புடிக்கலியே."

சவுரியம்மாள் இலை ஒன்றின் நரம்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"பேரணாம்பட்டு டேனரியில இருவது வருசம் ஈரத்தோலைத் தூக்கிக் காயப் போட்டிருக்கேன்மா. எத்தினி சோப்பு போட்டாலும் கையை விட்டுப் போவாது அந்த வாசனை. பூசைக்குப் போனா பக்கத்துல உக்கார்றவ நகந்து உக்காருவா. பண்டிகை அன்னிக்காவது அது நம்ம வாசலுக்கு வரக்கூடாதுன்னு நெனச்சேன். அவ்ளோதான்."

ஷர்மிளா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் இதை ஒருநாளும் கேட்டதில்லையே என்று மனசு சங்கடப்பட்டது.

"அப்ப வேணாம் அத்தே. உட்டுடலாம்."

"உடறதா? நாய்கிட்டருந்து புடுங்கினு வந்தது உடறதுக்கா?" சவுரியம்மாள் எழுந்தாள். "வாசனைதானே ஜாஸ்தி? கம்மி பண்ணிடலாம்."

இழுபட்டுக் கோணிப்போன கம்பி இனி பழையபடி வட்டமாக வளையாது என்பது பார்த்ததுமே தெரிந்தது. ஷர்மிளா அதை வாசல் நிலைக்குக் குறுக்கே நீட்டிப் பிடித்தாள். அளவு சரியாக இருந்தது. வட்டமாக இல்லாவிட்டால் என்ன, தோரணமாகக் கட்டினால் ஆயிற்று. சங்கீதா தன் வீட்டு மாமரத்தில் ஒரு கொப்பை ஒடித்துக்கொண்டு வந்தாள். ஒரு தோல் இலை, ஒரு மாவிலை என்று மாற்றி மாற்றிக் கோத்தார்கள். இடையிடையே சம்பங்கியைச் செருகினாள் சவுரியம்மாள். மூன்று பேர் கையும் ஓடியதில் பத்து மணிக்குள் வேலை முடிந்தது. வசந்த் ஸ்டூல் போட்டு, டைகர் எக்கினாலும் எட்டாத உயரத்தில் கட்டினான். சவுரியம்மாள் அண்ணாந்து மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "இப்ப பூ வாசனைதான்" என்றாள்.

சாயங்காலம் கோயில் பாட்டுக்குழு மேளத்தோடு வந்தது. ஒரு பாட்டு முடிந்ததும் எல்லோருடைய கண்ணும் தோரணத்துக்குப் போனது. எது நிஜ இலை, எது தோல் இலை என்று அவர்களுக்குள் விவாதம் மூண்டது.

"தொட்டுப் பாருங்க, தொட்டுப் பாருங்க. எங்க மருமவ செஞ்சது" என்று சவுரியம்மாளே ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அப்புறம் அதிரசத் தட்டை நீட்டிக்கொண்டே நாய்க் கதையைத் தொடங்கினாள். காலையில் நாலு வீடு தாண்டி முடிந்த ஓட்டம், பாட்டுக்குழு தட்டைக் காலி செய்வதற்குள் ரயில்வே கேட் வரைக்கும் போய்விட்டிருந்தது. ஷர்மிளா திருத்தவில்லை. இன்னொரு தட்டு அதிரசம் எடுத்துவர உள்ளே போனாள்.